ஐ5-3470-ஆ, ஐ7-2600-ஆ? பழைய போர்டுக்கு எந்த இன்டெல் பிராசசரை வாங்கலாம்?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. என்னிடம் இருப்பது 1155 சாக்கெட் மதர்போர்டு, அதில் பென்டியம் ஜி2020 பிராசசர். பிரவுசரில் பத்து டேப் திறந்து பின்னால் ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் போதும், மவுஸ் அம்புக்குறியே நின்று நின்றுதான் நகர்கிறது. புது சிஸ்டம் வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை, பிராசசரை மட்டும் மாற்றலாம் என்று பார்க்கிறேன்.

பழையதில் இரண்டு கிடைக்கின்றன. ஐ5-3470 2012-இல் வந்தது, 22 நானோமீட்டர், நான்கு கோர், நான்கு திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்), 77 வாட். ஐ7-2600 அதற்கு ஒரு வருடம் மூத்தது, 32 நானோமீட்டர், 95 வாட், ஆனால் எட்டு திரெட், டர்போ வேகமும் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் (ஐ5 3.6-தான்). கேம் எல்லாம் கிடையாது, வீடியோ எடிட்டிங்தான் முக்கியம், அதனால் மனசு ஐ7 பக்கம் சாய்கிறது. ஆனால் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு சொல்கிறார்கள், அங்கேதான் இடிக்கிறது.

விண்டோஸ் 11-க்கு இரண்டுமே அதிகாரப்பூர்வமாக ஆகாது, அது தெரியும், அதை விடுங்கள். எக்ஸ்போர்ட் நேரத்தில் அந்தக் கூடுதல் நான்கு திரெட் நிஜமாகவே வித்தியாசம் காட்டுமா? அப்புறம், இப்போதிருக்கும் 55 வாட் பென்டியத்தோடு வந்த சின்ன ஃபேன் 95 வாட்டைத் தாங்குமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.