பாட்டி பெட்டியில இருந்த வெள்ளி பின், ஸ்காட்லாந்து சாமானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கடலூர்_மீனா:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா நெல்லிக்குப்பம் சுகர் மில்லுல வேலை பாத்தவர், அங்க இருந்த ஒரு துரை ஊருக்கு கிளம்பறப்ப குடுத்துட்டு போனதுன்னு பாட்டி ரெண்டு வெள்ளி சாமான் பத்திரமா வெச்சிருந்தாங்க. ஒண்ணு கத்தி ஷேப்ல விரல் நீளத்துக்கு ஒரு பின், பிடியில வயலட் கல்லு. இன்னொண்ணு வட்டமா ஒரு ப்ரூச், அதான் துணில குத்திக்கற நகை, சிவப்பு பச்சை சாம்பல்னு கல்லு துண்டு துண்டா வெட்டி பதிச்சிருக்கு. கத்தி பின்னுக்கு பின்பக்கம் லென்ஸ் வெச்சு பாத்தா மூணு கோபுரம் வெச்ச கோட்டை, பக்கத்துல அன்னாசிப்பழம் மாதிரி ஒண்ணு, ஒரு இங்கிலீஷ் எழுத்து, அப்புறம் ரெண்டு இனிஷியல். வட்டத்துல ஒண்ணுமே இல்ல. அடகு கடைல காட்டுனா கல்ல கழட்டிட்டு எடைக்கு எடுத்துக்கறேன், கல்லுக்கு காசு கிடையாதுங்கறாங்க, எனக்கு மனசே வரல. அம்மா புளி போட்டு தேய்ச்சா பளிச்னு ஆயிடும்னு நிக்கறாங்க. லண்டன்ல இருக்கற அண்ணன் இங்க அனுப்பு, ஏலத்துல வித்து தரேங்கறான். என்ன செய்யறது?

பாண்டி_பழையசாமான்:
மொதல்ல புளிய தள்ளி வைக்க சொல்லுங்கம்மா. அந்த குட்டி முத்திரைதான் அந்த பின்னோட பொறந்த சர்டிபிகேட், நாலு தடவ அழுத்தி தேய்ச்சா மழுங்கிடும், அப்புறம் எந்த ஊரு எந்த வருஷம்னு யாராலயும் சொல்ல முடியாது. மூணு கோபுர கோட்டைன்னா எடின்பரோ, அந்த ஊர் அஸ்ஸே ஆபீஸ்ல வெள்ளிய சோதிச்சு குத்துன முத்திரை. நீங்க அன்னாசின்னு சொல்றது திசில், ஸ்காட்லாந்தோட முள்ளுப்பூ. 1759ல இருந்து 1975 வரைக்கும் எடின்பரோல ஸ்டெர்லிங் வெள்ளிக்கு, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளிக்கு அதத்தான் குத்துனாங்க, அதுக்கப்புறம் சிங்கம் வந்துடுச்சு. இனிஷியல் செஞ்சவரோடது. அந்த ஒத்த எழுத்துதான் வருஷம், வருஷத்துக்கு ஒரு எழுத்துன்னு வரிசையா குத்துவாங்க, ஆனா அதே எழுத்து ஒவ்வொரு சுத்துலயும் திரும்ப வரும், எழுத்தோட ஸ்டைலும் சுத்தி இருக்கற கட்டத்தோட ஷேப்பும் மாறும், அதனால போட்டோ பாக்காம வருஷம் சொல்றது தப்பு. ஒண்ணு மட்டும் பாருங்க, ராஜாவோ ராணியோ தலை சின்னதா குத்தியிருக்கா? அது வரி கட்டுனதுக்கான முத்திரை, 1784 முதல் 1890 வரைக்கும் இருந்துச்சு.

கடலூர்_மீனா:
தலை எதுவும் இல்ல சார், நல்லா பாத்துட்டேன். நாலு முத்திரைதான்.

தேவனாம்பட்டினம்_சிவா:
அக்கா இது நம்ம ஊர் சண்டைல வந்ததா இருக்குமோ? 1783ல பிரெஞ்சு தளபதி புஸ்ஸி கடலூர்ல இருந்தப்ப இங்கிலீஷ்காரங்க பக்கத்து ஜெனரல் ஸ்டூவர்ட் வந்து முற்றுகை போட்டாரு, அந்த படைல ஹைலாண்டர் ரெஜிமென்ட் இருந்துச்சு, எல்லாம் ஸ்காட்லாந்துக்காரங்க. நம்ம ஊர் மண்ணுல அவங்க சாமான் கிடைச்சா ஆச்சரியமில்ல.

பாண்டி_பழையசாமான்:
தம்பி, ஹைலாண்டர்ஸ் வந்தது உண்மை, ஆனா இந்த பின்னு அதுல வந்ததில்ல. கில்ட்ங்கறது ஸ்காட்லாந்து ஆம்பளைங்க கட்டற மடிப்பு பாவாடை, அதுல குத்தற கத்தி ஷேப் கில்ட் பின் எல்லாம் விக்டோரியா காலத்துலயும் அதுக்கு அப்புறமும் வந்த ஃபேஷன். 1822ல நாலாம் ஜார்ஜ் ராஜா எடின்பரோ போனப்ப டார்ட்டன்ங்கற ஸ்காட்லாந்து கட்டம் போட்ட துணி மோகம் கிளம்புச்சு, விக்டோரியா ராணி பால்மோரல் மாளிகைல போய் தங்க ஆரம்பிச்சதும் ஸ்காட்லாந்து நகைக்கு பிரிட்டன் முழுக்க கிராக்கி. தலை முத்திரை இல்லாததால மீனாவோடது அநேகமா 1890க்கு அப்புறம்தான். மில்லு துரை குடுத்தாருங்கற கதைக்கும் அது பொருந்துது.

கிளாஸ்கோ_நர்ஸ்_பொண்ணு:
நான் பாகூர் பக்கம், இப்ப இங்க வேலை. கல்யாணத்துக்கு போனா ஆம்பளைங்க கில்ட்ல இந்த பின்ன பாக்கலாம். எல்லாரும் நினைக்கற மாதிரி இது துணிய சேத்து கோக்கறதுக்கு இல்ல, மேல் மடிப்புல மட்டும் கீழ் ஓரமா குத்துவாங்க, அந்த எடைக்கு துணி பறக்காம நிக்கும். ரெண்டு மடிப்பையும் சேத்து குத்திட்டா உக்காரும்போது இழுத்து கிழிச்சிடும். மீனா, நீங்க பட்டுப்புடவைல குத்தறதா இருந்தா வேணாம், வெயிட்டு தாங்காது. எனக்கு ரொம்ப பிடிச்சது லக்கன்பூத் ப்ரூச்தான், இதயத்து மேல கிரீடம் வெச்சிருக்கும், நிச்சயம் பண்ண பொண்ணுக்கு குடுப்பாங்க, பிறகு அதையே குழந்தை சால்வைல திருஷ்டிக்கு குத்துவாங்க. படிச்சதும் எங்க ஆயா ஞாபகம் வந்துடுச்சு.

பாண்டி_பழையசாமான்:
இப்ப அந்த வட்ட ப்ரூச். முத்திரை இல்லன்னு ஒதுக்காதீங்க, ஸ்காட்லாந்து கல்லு ப்ரூச் ஏராளமானது முத்திரையே இல்லாமதான் வரும். அகேட், ஜாஸ்பர், பிளட்ஸ்டோன் இதையெல்லாம் சீவி, வெள்ளி சட்டத்துக்குள்ள இடைவெளி தெரியாம பொருத்தி, பின்னாடி மெல்லிசா சிலேட்டு பலகை வெச்சு அரக்குல ஒட்டியிருப்பாங்க. அதனால தண்ணில ஊற போடாதீங்க, சுடுதண்ணில சோடா உப்பு அலுமினியம் பேப்பர்னு வீடியோல காட்டறது இதுக்கு வேணவே வேணாம், சூடு பட்டா அரக்கு இளகி கல்லு கழண்டுடும். நம்ம கடற்கரை காத்துல வெள்ளி சீக்கிரம் கருக்கும், மெத்துனு காஞ்ச காட்டன் துணில லேசா துடைச்சு, பஞ்சு ஒட்டாத துணில சுத்தி ஜிப் கவர்ல போட்டு வைங்க. பள்ளத்துல இருக்கற கறுப்ப விட்டுடுங்க, அது இருந்தாதான் வேலைப்பாடு எடுத்து காட்டும். வயலட் கல்லு செவ்வந்திக்கல்லாவும் (அமெதிஸ்ட்) இருக்கலாம், கண்ணாடியாவும் இருக்கலாம், லென்ஸ்ல உள்ள உருண்டையா குமிழி தெரிஞ்சா கண்ணாடி.

அண்ணன் விஷயம் முக்கியம். 1972ல வந்த தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேல பழசான கலைப்பொருள தனியாள் நாட்ட விட்டு வெளிய அனுப்ப முடியாது, வெளிநாட்டுல செஞ்சதுன்னாலும் கொரியர்ல போட்டுடாதீங்க. மொதல்ல வருஷ எழுத்த படிக்கணும். சந்தேகம்னா சென்னை கோட்டைக்குள்ள இருக்கற தொல்லியல் துறை ஆபீஸ்ல காட்டி கேளுங்க. எடைக்கு மட்டும் குடுத்துடாதீங்கம்மா, உருக்கிட்டா போச்சு, அத செஞ்ச கை திரும்ப வராது.

கடலூர்_மீனா:
ரொம்ப நன்றி சார். எடைக்கு குடுக்கல, முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு பகல்ல எழுத்த போட்டோ எடுத்து போடறேன். வட்ட ப்ரூச்ல ஊசி சட்டத்த தாண்டி வெளிய நீட்டிட்டு இருக்கு, கொக்கில லாக் எதுவும் இல்ல, வெறும் வளைவுதான். பத்தர்கிட்ட குடுத்து லாக் வெச்சுக்கலாமா?

பாண்டி_பழையசாமான்:
வேணாம்மா! ஊசி நீட்டிட்டு இருக்கறதும் வெறும் கொக்கியும் பழைய காலத்து அடையாளம், உருட்டி பூட்டற லாக் 20ம் நூற்றாண்டு பழக்கம். ரெண்டுல இதுதான் மூத்தது போல இருக்கு. கல்லு பதிச்சிருக்கறப்ப பத்தர் ஊதி பத்த வெச்சா அகேட் விரிசல் விட்டுடும். போடணும்னு ஆசையா இருந்தா ஊசி முனைல சின்ன ரப்பர் குமிழ் சொருகிக்கோங்க, போதும். போட்டோவ பக்கவாட்டுல வெளிச்சம் விழற மாதிரி எடுங்க, ஃபிளாஷ் போடாதீங்க, எழுத்து தெரியாது.