பிப்ரவரியில் இரவிகுளம்: காரைக்குடியிலிருந்து காரில் போகலாமா?

கேள்வி (காரைக்குடி)
பிப்ரவரி இரண்டாவது வாரம் இரவிகுளம் தேசியப் பூங்கா போகலாம் என்றிருக்கிறோம். நாங்கள் இரண்டு பேர், 8 வயதுப் பையன், முட்டிவலி உள்ள அப்பத்தா. சொந்தக் கார். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் அன்றைக்கே பூங்காவைப் பார்த்துவிட்டு மூணாறில் தங்க முடியுமா? அப்பத்தா எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்?

பதில் (தேவகோட்டை)
முதலில் தேதியை மாற்றுங்கள் தம்பி. பிப்ரவரி, மார்ச் வரையாடு குட்டி போடும் காலம், பூங்காவை மூடிவிடுவார்கள். திறக்கும் நாள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் முன்பின் ஆகும். அறிவிப்பைப் பார்த்த பிறகு அறை போடுங்கள். ஏப்ரல் நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். மழையும் மூடுபனியுமாக இருக்கும், பத்தடி தள்ளி ஆடு நின்றாலும் தெரியாது. குறிஞ்சியை எதிர்பார்க்காதீர்கள். 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான்.

பதில் (திருப்பத்தூர்)
ஒரே நாளில் வேண்டாம். மதுரை, உசிலம்பட்டி, தேனி, போடி, பூப்பாறை வழியாகச் சுமார் 250 கி.மீ. 4 மணிக்குக் கிளம்பினாலும் போய்ச் சேர 11 ஆகும். அதற்குள் வரிசை நீண்டிருக்கும், மதியத்துக்கு மேல் மேகமும் இறங்கும். அன்று ஓய்வெடுத்து, மறுநாள் பூங்காவுக்குள் போகும் முதல் வனத்துறை பஸ்ஸுக்குப் போங்கள்.

போடியிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், கேரளத்தில் விலை கூடுதல். முந்தல் தாண்டியதும் ஏற்றம், போடிமெட்டுக்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது, ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.

நம் பக்கம் மேடே கிடையாது, அதனால் பலரும் தவறுவது இறக்கத்தில்தான். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர், பெரும்பாலும் இரண்டாவது. நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் கட்டை சூடேறிப் பிடிப்பு போய்விடும். கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, கியரில் போட்டு, டயருக்குக் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக் வேண்டாம், தண்ணீரும் ஊற்றாதீர்கள். சூட்டில் டிஸ்க் வளைந்துவிடும். அரை மணி நேரம் தானாக ஆறட்டும்.

பதில் (புதுவயல்)
அப்பத்தாவைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம். மூணாறிலிருந்து மறையூர் போகும் ரோட்டில் ஐந்தாம் மைல் என்ற இடத்தில் காரை விட வேண்டும், அங்கிருந்து பூங்காவில் நாம் பார்க்கும் பகுதியான ராஜமலைக்கு வனத்துறை பஸ்தான். இறங்கிய பிறகு தார் ரோடு, லேசான ஏற்றம். முழுதும் நடந்தே தீர வேண்டும் என்றில்லை. ஆடுகள் ரோட்டோரத்துக்கே வரும். கருத்த உடம்பில் முதுகு மட்டும் வெளுத்திருந்தால் அது மூத்த கிடா. பாறைச் சரிவில் குளம்பு வழுக்காமல் குட்டி இறங்குவதைப் பையனுக்குக் காட்டுங்கள். தொடவோ, உப்பு பிஸ்கட் நீட்டவோ வேண்டாம். பழகிவிட்டால் அது மேய்ச்சலை விட்டுக் கையைத் தேடி வரும், நமக்கு ஆசையாக இருந்தாலும் ஆட்டுக்குக் கேடு.

2,695 மீட்டர் உயர ஆனைமுடிச் சிகரம் எதிரே தெரியும், ஏற அனுமதி இல்லை.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். ராஜமலை சுமார் 2,000 மீட்டர் என்பதால் ஏப்ரலிலும் காலையில் அப்பத்தாவுக்குச் சால்வை வேண்டும்.

கேட்டவர்
நன்றி அண்ணே, ஏப்ரலுக்கு மாற்றிவிட்டோம். வழிக்குக் கட்டுச்சோறு கொண்டுபோகலாமா?

பதில் (புதுவயல்)
புளியோதரை, சீப்புச்சீடை எல்லாம் எவர்சில்வர் தூக்கில் எடுத்துப்போங்கள். சாப்பாட்டைப் போடியிலோ போடிமெட்டிலோ முடித்துவிடுங்கள். பூங்காவுக்குள் பிளாஸ்டிக் பை, பாட்டில் கொண்டுபோகக் கூடாது.