எங்கட பக்கத்துக் கோட்டாவும் ஃப்ரீ கார்டும்

திருச்சியில என்ட மச்சாள் இருக்கிறா. அவட பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர்ர மகனுக்குத் தனியார் பள்ளிக்கூடத்தில குலுக்கல்ல எல்.கே.ஜி இடம் கிடைச்சிருக்கு. இந்தியாவில 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு 25 வீதம் ஒதுக்க வேணும், கட்டணத்தை அரசாங்கம் திருப்பிக் குடுக்கும். "உங்கட பக்கம் இப்பிடி இல்லையா கா?" என்டு கேட்டா.

இல்லை. இஞ்ச இலங்கையில இன்டர்நேஷனல் ஸ்கூலெல்லாம் கம்பனியாப் பதிஞ்சது, ஏழைப் பிள்ளைக்கு இடம் வை என்டு கேட்க ஒரு சட்டமும் இல்லை. ஆனா மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம் இருக்கிற படுவான்கரைப் பிள்ளைக்கு அது பெரிய கவலையுமில்லை. எங்களுக்குத் தனியார் கல்வி என்டா டியூஷன்தான்.

நான் களுவாஞ்சிகுடியில ஒரு டியூஷன் நிலையத்தில ஏ.எல் (உயர்தர) கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறன். படுவான்கரையில வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒரு பிள்ளை வந்தா, தகப்பன் வயல் கூலி. "சேர், வெள்ளாமை வெட்டி முடிய மொத்தமாத் தாறன்" என்டு வந்து நின்டார். நிலைய உரிமையாளர் காசில்லாமப் படிக்க ஃப்ரீ கார்ட் குடுத்தார். நல்ல மனுசன்தான், ஆனா கார்டில சிவப்புப் பேனையால பெரிசா 'எஃப்' என்டு எழுதிப்போட்டார். மாசாமாசம் சீல் குத்த வரிசையில நிக்கக்குள்ள அந்தப் பிள்ளை பெருவிரலால அந்த எழுத்த மூடிப் பிடிச்சுக்கொண்டு நிப்பா. பின்னேரம் பேப்பர் டிஸ்கஷன் தொடங்கக்குள்ள பட்டிருப்புப் பாலம் தாண்டிப் போற கடைசி பஸ்ஸுக்கு எழும்பிருவா.

கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, எங்களுக்கும் கோட்டா இருக்குதானே என்பீங்க. விஞ்ஞானப் பிரிவில 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்ச 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அதுக்குள்ள வருது. மாவட்டம் பின்தங்கினது சரி, அதுக்குள்ள எல்லாரும் பின்தங்கியா இருக்காங்க? ஒரு பாடத்துக்கு ரெண்டு மூணு கிளாஸ் போற டவுன் பிள்ளையும் இவவும் ஒரே வெட்டுப்புள்ளியிலதான் (கம்பஸுக்கு எடுபட வேண்டிய ஆகக் குறைஞ்ச புள்ளி) நிக்க வேணும். இந்தக் கோட்டா வாறதும் பள்ளிக்கூடமெல்லாம் முடிஞ்ச பிறகுதான். திருச்சிப் பொடியனுக்கு எழுத்துப் பழக முன்னமே கை குடுத்திட்டாங்க.

பிள்ளைக்கு முதல்தரம் வெட்டுப்புள்ளி தட்டல்ல. இப்ப ரெண்டாந்தரம் சோதனை எடுக்கிறா. கார்டில 'எஃப்' எழுதுற வேலைய நிப்பாட்டச் சொல்லி உரிமையாளரிட்டச் சொன்னன். "அப்ப கணக்குப் பார்க்கிறது எப்பிடி சேர்?" என்டு அவர் கொஞ்சம் முறைச்சார். இப்ப தனிக் கொப்பியில எழுதி வைக்கிறார். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் ஃப்ரீ கார்ட் யாருக்கு, எப்பிடிக் குடுக்கிறாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.