வயலின் கலைஞர் கிடோன் கிரெமர் புது இசைக்கு இவ்வளவு காலத்தைக் கொடுத்தது சரியா?

பழையதந்தி:
1970-இல் சைக்கோவ்ஸ்கி இசைப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய கை அது. பிராம்ஸ், பீத்தோவன் என்று வாசித்தே காலம் முழுக்க நம்மை உருக்கியிருக்கலாம். வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் பீத்தோவன் கான்செர்ட்டோவில்கூட, புது இசைக்காரர் ஷ்னிட்கே எழுதிய காடென்சாவை, அதாவது இசைக்குழு ஓய்ந்திருக்க வயலின் தனியாக வாசிக்கும் பகுதியை, கொண்டுவந்து வைத்தார். அந்த இடம் வந்ததும் எனக்குப் பாட்டு அறுந்துவிடுகிறது.

வில்வீச்சு:
அந்தத் தனி வாசிப்பில் இருபதாம் நூற்றாண்டுக்காரர்களான பெர்க், பார்ட்டோக், ஷோஸ்டகோவிச் கான்செர்ட்டோக்களின் துணுக்குகள் வரும். பீத்தோவனின் பேரப்பிள்ளைகள் வீடு தேடி வந்ததுபோல் எனக்குக் கேட்கிறது. சரி, அது ரசனை. ஆனால் ‘ஆஃபர்டோரியம்’? எனக்கொரு கான்செர்ட்டோ எழுதுங்கள் என்று சோவியத் இசையமைப்பாளர் குபைதுலினாவிடம் கேட்டவரே கிரெமர்தான்; அப்படிப் பிறந்ததுதான் அது. 1979-இல் சோவியத் இசையமைப்பாளர் சங்க மாநாட்டில் பெயர் சொல்லிக் கண்டிக்கப்பட்டவர்களில் அந்த அம்மாவும் ஒருவர். 1981-இல் கிரெமர் அதை வியன்னாவில் அரங்கேற்றினார். அதில் குபைதுலினா, பாக் கையாண்ட ஒரு கருவை எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் முன்னால் ஒரு சுரம், பின்னால் ஒரு சுரம் என்று கழித்துக்கொண்டே போவார். அப்புறம் கடைசிப் பகுதியில் அது ஒவ்வொரு சுரமாகத் திரும்ப வளரும், தலைகீழாக. கிரெமர் கேட்காமல் இருந்திருந்தால் இது நமக்குக் கிடைத்திருக்குமா?

பழையதந்தி:
குபைதுலினாவை ஒத்துக்கொள்கிறேன். இத்தாலிய இசையமைப்பாளர் நோனோ 1988-இல் கிரெமருக்காக எழுதியதை என்ன சொல்வீர்கள்? கிரெமரின் வாசிப்பையே பதிவு செய்து எட்டுத் தட ஒலிநாடாவாக்கி ஓடவிடுகிறார்கள். வயலின்காரர் இசைத்தாள் வைத்த ஒரு ஸ்டாண்டிலிருந்து அடுத்ததற்கு நடந்து நடந்து வாசிக்கிறார். பிடித்துக்கொள்ள ஒரு மெட்டு இல்லை. ஒருமுறை வாசித்து மறந்துபோன புதுப் படைப்புகள் எத்தனை! அதற்கெல்லாம் போன நாட்கள் திரும்பி வருமா?

இரண்டாம்வரிசை:
நடுவில் வருகிறேன். அந்தப் போட்டிக்குப் பெயர் தந்தவரின் வயலின் கான்செர்ட்டோவையே லியோபோல்ட் ஆவர் என்ற பெரிய வயலின்காரர் முதலில் வாசிக்க மறுத்தார். 1881-இல் அடோல்ஃப் பிராட்ஸ்கி என்ற இன்னொரு வயலின்காரர் வியன்னாவில் துணிந்து வாசித்தார். ஹான்ஸ்லிக் என்ற விமர்சகர் அதைக் கிழித்துப் போட்டார். எது நிற்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? வாசித்தால்தானே தெரியும்.

வில்வீச்சு:
அதேதான். 1977-இல் எஸ்தோனியாவின் தாலினில் கிரெமரும் வயலின்காரர் தத்தியானா கிரிண்டென்கோவும், இசையமைப்பாளர் ஆர்வோ பியர்ட்டின் ‘தாபுலா ராசா’வை முதன்முதலாக வாசித்தார்கள். அதில் மெட்டு இல்லை என்று உங்களாலும் சொல்ல முடியாது.

பழையதந்தி:
‘தாபுலா ராசா’ எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை. நோனோ விஷயத்தில் மட்டும் என் மனம் மாறாது. ‘ஆஃபர்டோரியம்’ எந்தப் பதிவில் கேட்கலாம்?

வில்வீச்சு:
சார்லஸ் துத்வா நடத்த, பாஸ்டன் சிம்பொனியோடு கிரெமரே வாசித்தது. கடைசிப் பகுதியை மட்டும் இரண்டு தடவை கேளுங்கள்.