மார்னர் போயிட்டார்: லீஃப்ஸ் பாத்து நொந்த ஆக்கள் உங்கட கதையைச் சொல்லுங்கோ

நீலச்சட்டை

2025 யூலை பிறக்கேக்க மிச் மார்னர் எங்கட ரொறொன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணியின்ர ஆள் இல்லை, வேகஸ் அணியின்ர ஆள். எட்டு வருசம், வருசத்துக்கு 12 மில்லியன் டொலர். கடைசி சீசனில 102 புள்ளி (அடிச்ச கோலும், அடிக்க உதவினதும்) எடுத்தவர் போக, எங்களுக்கு வந்தது நிக்கொலா ருவா எண்ட, நடுவில விளையாடுற ஒரு சென்ரர். நான் சோபாவில ஃபோனைப் பாத்துக்கொண்டு அசையாமல் இருக்க, மனிசி வந்து "ஊரில ஏதும் செத்தவீடோ?" எண்டு கேட்டா.

என்ர கதையை முதல் சொல்லுறன். மே 14, கோப்பைக்கான பிளேஓஃபில புளோரிடாவோட அஞ்சாவது மச். நாலு மச் வெண்டால்தான் சீரிஸ், அது 2-2. நான் உள்ளுக்க இருந்தனான், மேல் தட்டில, கூரைக்குக் கிட்ட. 6-1 எண்டு அடி வாங்கினம். கடைசிப் பீரியட்டில கீழ இருந்து ஒரு ஜெர்சி பறந்து வந்து ஐஸில விழுந்தது. எனக்குப் பக்கத்தில இருந்தவர் கைதட்டினார். நான் போட்டிருந்தது 16ஆம் நம்பர், மார்னரின்ர. மகள் தன்ர முதல் சம்பளத்தில வாங்கித் தந்தது. கழட்டி எறிய மனமில்லை, போட்டுக்கொண்டு தெருவில போக வெக்கம். யூனியன் ஸ்டேசனில நிண்டு, ஜாக்கெட் சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினன். மே மாதத்தில! ரெயினில எனக்கு முன்னால ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அவரும் கழுத்துவரை பூட்டிக்கொண்டு இருக்கிறார். ஜாக்கெட்டுக்குக் கீழால நீலத்துணி ஒரு விரலளவு எட்டிப் பாக்குது. ஆளையாள் பாத்தம். அவர் தலையை ஒருக்கா ஆட்டினார். நான் இறங்கும்வரை ரெண்டுபேரும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை.

நாலு நாள் கழிச்சு ஏழாவது மச்சும் இஞ்சதான், அதுவும் 6-1தான். அதை வீட்டிலயிருந்து பாத்தனான்.

உங்களை நோகடிச்ச இரவு எது? மார்னரை விட்டது சரியோ? சும்மா பேசாமல், கண்ட கதையோட சொல்லுங்கோ.

இரவுவேலை

தம்பி, நான் 93 சொல்லுறன்.

88இல வந்தனான். டவுண்டவுணில ஒரு சாப்பாட்டுக்கடையில கோப்பை கழுவுற வேலை, விடிய ரெண்டு மணிவரை. ஹொக்கி எண்டால் பல்லில்லாத ஆக்கள் தடியோட அடிபடுறது எண்ட அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். குசினியில ஒரு கிறீஸ்காரக் குக், ரேடியோவை அலறவிடுவார். லொஸ் ஏஞ்சலிசில அவையோட லீஃப்ஸுக்கு ஆறாவது மச், இஞ்ச நடுச்சாமம் தாண்டீட்டுது, ஓவர்டைம். வெண்டால் ஃபைனல், அங்க மொன்றியால் காத்துக்கொண்டு நிக்குது. அவையின்ர கிரெட்ஸ்கியின்ர ஸ்டிக் எங்கட டக் கில்மரின்ர நாடியில பட்டு இரத்தம். நடுவர் கெரி ஃபிரேசர் தண்டனை ஒண்டும் குடுக்கேல்லை. கொஞ்ச நேரத்தில அதே கிரெட்ஸ்கி கோல் அடிக்கிறார். குக் கையில இருந்த அகப்பையைச் சுவரில எறிஞ்சார். நான் வடிவாக் காதுகுடுத்துப் பாடமாக்கின முதல் இங்கிலீசு, அண்டைக்கு அவர் நடுவரைப் பேசின பேச்சுத்தான். அதில ஒரு சொல்லை வகுப்பில எடுத்துவிட்டு ரீச்சரிட்டையும் வாங்கிக் கட்டினன்.

ரெண்டு நாளில ஏழாவது மச், எங்கட பழைய அரங்கு மேப்பிள் லீஃப் கார்டன்சில. கிரெட்ஸ்கி மூண்டு கோல், 5-4 எண்டு தோத்தம். ஊரில இருந்து கடிதம் வந்து ரெண்டு மாதம். அந்தக் கிழமை அதைவிட கிரெட்ஸ்கியில இருந்த கோவம்தான் எனக்குப் பெரிசு. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

கார்டன்ஸ் இருந்த இடத்தில இப்ப சுப்பர்மார்க்கெட். நிலத்தில ஒரு சிவப்புப் புள்ளி போட்டு வச்சிருக்கினம், ஐஸின்ர நடு அதுதான். போனால் அதில ஒருக்கா நிண்டுபோட்டுத்தான் சாமான் எடுப்பன். வண்டில் தள்ளிக்கொண்டு வாற சனம் எரிஞ்சு விழும்.

லீஃப்ஸ் கடைசியா ஸ்டான்லி கோப்பை தூக்கினது 1967. மார்னர் பிறக்க முதலே முப்பது வருசம் தோத்தாச்சு. அதையும் அந்தப் பெடியன்ர தலையிலயோ கட்டப்போறியள்?

மொன்றியால் மருமகன்

2021. முதல் சுற்று. எங்களோட 3-1 எண்டு முன்னுக்கு நிண்டனியள். பேந்து என்ன நடந்தது? மறந்துபோனன், ஆரும் சொல்லுங்கோவன்.

எங்களிட்ட 24 கோப்பை.

நீலச்சட்டை

அந்த 24இல கடைசி எப்ப? 1993. அதுக்குப் பிறகு ஒரு கனடா அணியும் தூக்கேல்லை, நீங்களும் சேத்துத்தான். அந்த 2021 சீரிஸில முதல் மச்சிலயே எங்கட கப்டன் டவாரெஸ் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில போனதையும் சொல்லவேணும். மாமா வீட்டுக்குச் சாப்பிட வாங்கோ, கதைப்பம்.

கணக்கு வாத்தி

எங்கட நாலு பெரிய ஆக்களின்ர வருசச் சம்பளம்: மத்யூஸ் 13.25, நைலாண்டர் 11.5, டவாரெஸ் 11, மார்னர் 10.9. கூட்டிப் பாருங்கோ: 46.65 மில்லியன். 2024-25இல ஒரு அணி சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சம் 88 மில்லியன். நாலு பேருக்குப் பாதிக்கு மேல குடுத்தாச்சு, மிச்சத்தில பத்தொன்பது பேரைப் பிடிக்கவேணும். டிஃபென்ஸ் மெலிஞ்சு கிடந்ததுக்கு வேற சாத்திரம் பாக்கத் தேவையில்லை.

மார்னர் எங்களுக்கு 657 மச்சில 741 புள்ளி எடுத்தவர். பிளேஓஃபில 70 மச்சில 63. குறைஞ்சிருக்கு, ஆனா ஊர் கதைக்கிற அளவுக்குக் கேவலமில்லை. கேவலம் என்னெண்டால் அந்தப் புள்ளி வந்த நேரம். தொடரின்ர முதல் பாதியில வரும், கடைசி மச்சில ஆளைக் காணக்கிடையாது.

ட்ரேட்டை, ஆளுக்கு ஆள் மாத்தினதைப் பற்றி: அவரின்ர ஒப்பந்தத்தில, தன்ர சம்மதமில்லாமல் எங்கயும் அனுப்பேலாது எண்டு இருந்தது. ஒப்பந்தம் முடிய வெறுங்கையோட விட்டிருக்கவேண்டிய ஆளுக்கு ஒரு ருவாவாவது வந்தது. கிழங்கு மூட்டை கைமாறிப் போகேக்க கடைக்காரன் ரெண்டு கிழங்கை எடுத்து எங்கட பையில போட்டமாதிரி. டவாரெஸ் வருசம் 4.38 மில்லியனுக்கு இறங்கி, நாலு வருசத்துக்கு வந்ததுதான் இந்தக் கோடையின்ர உண்மையான லாபம்.

கதை கேட்டனியள். 2013 மே 13, பொஸ்ரனில ஏழாவது மச். மூண்டாவது பீரியட்டில எங்கட காட்ரி அடிக்க 4-1. நான் நிம்மதியா எழும்பிக் குளிக்கப் போனன். துவாயோட வந்து பாத்தால் 4-4. கடைசி ரெண்டு கோலும் 31 செக்கனுக்குள்ள. துவாயோடயே நிண்டு ஓவர்டைம் பாத்தனான், பொஸ்ரனின்ர பெர்ஜரான் முடிச்சுவச்சார். அண்டையில இருந்து மச் முடியுமட்டும் தலை நனைக்கிறேல்லை. பிரயோசனமில்லை எண்டு தெரியும்.

மிசிசாகா மச்சி

அண்ணே, நான் தமிழ்நாட்டுக்காரன், 2017ல வந்தேன். ட்ரேட்ங்கிறதே எனக்கு ஆரம்பத்துல புரியல. அதுக்கு நான் நியாயமா அதிர்ச்சி ஆகக் கூடாது, ஏன்னா 2016ல சென்னை டீமே தடையில இருந்து, தோனி புனே ஜெர்சியில ஆடினதைக் கண்ணால பாத்தவன். பாதி மேட்ச் டிவியை ஆஃப் பண்ணிட்டு எழுந்து போயிருக்கேன்.

ஆஃபீஸ்ல பக்கத்து சீட் ஒரு லெபனான் குடும்பத்துப் பையன். அவன்தான் எனக்கு ஹாக்கி சொல்லிக் கொடுத்தான், நசீம் காட்ரியை வச்சு. காட்ரி அவங்க ஆளு, இங்க ஒன்டாரியோ லண்டன்லயே வளந்தவர். 2018, 2019 ரெண்டு வருஷமும் பாஸ்டன் சீரிஸ்ல கோவத்துல ஒருத்தனை அடிச்சு சஸ்பெண்ட் ஆனார். ரெண்டு வாட்டியும் ஏழாவது மேட்ச்ல தோத்தோம். ஊரே "இவன் தலையே சரியில்ல, வித்துத் தொலைங்க"ன்னுச்சு. நானும் சொன்னேன், ஒத்துக்கிறேன். 2019 ஜூலைல கொலராடோவுக்குக் கொடுத்துட்டு டைசன் பேரியை வாங்கினாங்க. பேரி ஒரே சீசன்தான் இருந்தார்.

2022ல காட்ரி 71 மேட்ச்ல 87 பாயின்ட். ஃபைனல்ல உடைஞ்ச கட்டைவிரலோட வந்து நாலாவது மேட்ச் ஓவர்டைம்ல கோல் போட்டார். கொலராடோ சாம்பியன். ஆகஸ்ட்ல கோப்பையை லண்டன் மசூதிக்குக் கொண்டு வந்தார். என் ஃபிரெண்ட் கூட நானும் போயிருந்தேன். குட்டிப் பசங்க வரிசையில நின்னு அந்த வெள்ளிக் கோப்பையைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாங்க. லீஃப்ஸ் தொப்பி போட்ட ஒரு பெரியவர் எனக்கு முன்னாடி நின்னார். தொட்டார், தொப்பியைக் கழட்டி பாக்கெட்ல வச்சுக்கிட்டார், போயிட்டார். எனக்குத் தொண்டையை அடைச்சுது.

அதனால மார்னர் போனது சரின்னு யாராவது உறுதியா சொன்னா, நான் மூணு வருஷம் கழிச்சுப் பேசிக்கலாம்னு விட்டுடுவேன்.

மார்க்கம் மாமி

எல்லாரும் யூலையைப் பற்றிக் கதைக்கிறியள். நான் மார்ச் 7 கேக்கிறன்.

அண்டைக்கு பொஸ்ரன் அணிக்காரர் கடையைத் திறந்து வச்சு தங்கட ஆட்டக்காரரை வித்தவை. நாங்கள் போய் பிராண்டன் கார்லோவை வாங்கினம், ஃபிரேசர் மின்ரன் எண்ட பொடியனையும் புதுப் பெடியளை எடுக்கிற ஒரு முதல் சுற்றுத் தெரிவையும் குடுத்து. அதே நாள் அதே கடையில புளோரிடா பிராட் மார்ஷாண்டை எடுத்துக்கொண்டு போச்சு. மார்ஷாண்ட்! 2013, 2018, 2019, 2024 எண்டு நாலு தரம் ஏழாவது மச்சில எங்களை வீட்டுக்கு அனுப்பினவர். மே மாதம் புளோரிடாச் சட்டையோட வந்து அஞ்சாவது தரமும் அனுப்பினார், கோப்பையும் தூக்கினார். மூண்டாவது மச்சில 3-1 எண்டு முன்னுக்கு நிண்டு ஓவர்டைமில தோத்தமே, அந்தக் கோல் ஆர் அடிச்சது? 2-0 எண்டு இருந்த சீரிஸ் அதிலதான் திரும்பினது.

கார்லோ நல்ல பிள்ளை. நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா சந்தைக்குப் போனவை எதைப் பாத்து வாங்கினவை எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை.

இன்னொண்டு: ஜெர்சி எறியிறது கூடாத பழக்கம். பிடிக்காட்டி எழும்பிப் போறதுதானே.

கோலிக்கு அம்மா

நான் இதுகளில எழுதுறேல்லை. ஆனா கோலியை, கோல் காக்கிற ஆளைப் பற்றி ஒருத்தரும் வாயே திறக்கேல்லை. புளோரிடா சீரிஸில முதல் மச்சிலயே அவையின்ர சாம் பெனெற்றின்ர முழங்கை எங்கட கோலி ஸ்ரோலார்ஸின்ர தலையில பட்டு, ஆள் அந்த சீரிஸில திரும்பி விளையாடேல்லை. மற்றக் கோலி வோல் வந்து ஆறாவது மச்சில ஒரு கோலும் விடாமல் 2-0 எண்டு வெண்டு தந்தவர். தோத்தால் மார்னர், வெண்டால் மத்யூஸ். கோலி எண்டு ஒருத்தர் நிக்கிறதே உங்கட கண்ணில படாது.

என்ர மகள் கோலி. அப்ப அவளுக்கு ஒன்பது வயசு, பெடியள் அணியில தனியொரு பெட்டை. விடிய அஞ்சரைக்கு ரிங்க், அவளுக்குப் பாட் கட்டிவிடுற நேரம் என்ர விரல் விறைச்சுப் போயிருக்கும். அவளின்ர பிறந்தநாளுக்கு மூண்டு ரிக்கெற் வாங்கினம், 2020 பெப்ரவரி 22, கரோலினாவோட. தெரிஞ்ச ஆக்கள் இப்பவே சிரிக்கத் தொடங்கியிருப்பியள்.

கரோலினாவின்ர ரெண்டு கோலியும் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா அடிபட்டுப் போச்சினம். மூண்டாவதா வந்தது டேவிட் எயர்ஸ். 42 வயசு. ஐஸ் மெசின் ஓட்டினவர், லீஃப்ஸின்ர பெடியளுக்கே பயிற்சிக்கு நிக்கிற ஆள். தாய் குடுத்த சிறுநீரகத்தோட வாழுறவர். முதல் ரெண்டு அடியும் உள்ளுக்க போச்சு, சனம் சிரிச்சுது. மகள் சிரிக்கேல்லை. "அம்மா, அவருக்குக் கால் நடுங்குது, பாருங்கோ" எண்டாள். அவளுக்கு அந்த நடுக்கம் தெரியும்.

அதுக்குப் பிறகு வந்த எட்டு அடியையும் மனிசன் பிடிச்சார். நாலாவது பிடியோட மகள் எழும்பி நிண்டு கைதட்டத் தொடங்கினாள், உடம்பில லீஃப்ஸ் ஜெர்சி. முன்னுக்கு இருந்தவர் திரும்பி, "பிள்ளை, எந்தப் பக்கம் நீ?" எண்டு கேட்டார். "கோலி பக்கம்" எண்டாள். அவர் ஒண்டும் சொல்லேல்லை. கடைசி ரெண்டு நிமிசம் அவரும் எழும்பி நிண்டு தட்டினார். 6-3, எங்களுக்குத் தோல்வி. காரில வரேக்க மகள் பாடிக்கொண்டு வந்தாள், தகப்பன் வாய் திறக்கேல்லை.

பெண்கள் அணியைப் பற்றியும் சொல்லிவிடுறன், இல்லாட்டி மகள் பேசுவாள். 2024இல முதல் இடத்தில வந்ததால எதிராளியைத் தெரிவுசெய்யிற உரிமை ரொறொன்ரோவுக்கு இருந்தது. மினசோட்டாவைக் கேட்டு எடுத்து, 2-0 எண்டு முன்னுக்கு நிண்டு, 3-2 எண்டு தோத்தவை. மினசோட்டா கோப்பையோட போச்சு. தண்ணியில ஏதோ இருக்கு.

இரவுவேலை

தங்கச்சி, பிள்ளை இப்பவும் விளையாடுறாளோ?

கோலிக்கு அம்மா

ஓம் அண்ணை. பதினாலு வயசு. இப்ப பாட் தானே கட்டுவாள்.

மிசிசாகா மச்சி

நடுவுல ஒண்ணு. சனிக்கிழமை ஹாக்கிக்குப் பஞ்சாபி மொழியில வர்ணனை 2008லயே ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம ஆளுங்க இங்க இவ்வளவு பேர் இருக்கோம், தமிழ்ல ஏன் இல்ல? கணக்கு வாத்தி அண்ணனை உக்கார வைக்கலாம்.

கணக்கு வாத்தி

நான் மச் நேரம் குளிக்காமல் இருக்கிற ஆள். பக்கத்தில ஆர் இருப்பினம்?

நீலச்சட்டை

வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். மாமி சொன்ன மார்ச் 7 எனக்கு உறைச்சது. காட்ரி கதை கூடச் சுட்டது, 2019இல நானும் "அனுப்புங்கோ" எண்டு கத்தின ஆள்.

மகளிட்ட நேற்றுக் கேட்டன், ஜெர்சியில இருக்கிற பேரைப் பிரிச்சு எடுத்துவிடுவமோ எண்டு. "நான் சம்பளத்தில வாங்கினது, கத்தரிக்கோலைத் தொட்டுப் பாருங்கோ" எண்டாள். அலுமாரியில மடிச்சு வச்சிருக்கிறன்.

வேகஸ் இஞ்ச வாற மச்சுக்கு ரெண்டு ரிக்கெற் எடுக்கிறதாத்தான் இருக்கிறன். மார்னர் ஐஸில இறங்க மற்ற ஆக்களோட சேந்து கூவுறதோ, கைதட்டுறதோ எண்டு இன்னும் முடிவெடுக்கேல்லை. போட்டுக்கொண்டு போறது 16தான். ஜாக்கெட்டைப் பூட்டிக்கொண்டுதான் உள்ளுக்க போவன், அண்டைக்குக் குளிர் இருக்கும், ஒருத்தரும் கேக்காயினம்.