மறு: லைப்ரரி மியூசிக் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

எந்தப் படத்துக்கும் என்றில்லாமல் முன்பே பதிவுசெய்து வைத்திருக்கும் இசையை ஆங்கிலத்தில் 'லைப்ரரி மியூசிக்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் நூலக இசை, இருப்பிசை, ஆயத்த இசை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் நான் எழுதிவரும் படக் கட்டுரையின் வரைவில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

> நூலக இசை என்றாலே புரியுமே, வேறு சொல் எதற்கு?

புரியவில்லை அண்ணா. வீட்டில் வாசித்துக் காட்டினேன். நூலகத்தில் மெதுவாகப் போட்டுவைக்கிற பாட்டா என்று கேட்டார்கள். அந்தச் சொல் சரக்கு இருக்கிற இடத்தைச் சொல்கிறது, சரக்கைச் சொல்லவில்லை.

சரக்கு எப்படிப்பட்டது என்று பார்த்தால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன். 1950களின் அமெரிக்காவில் கையில் இருந்த கொஞ்சப் பணத்தில் விண்வெளிப் படம் எடுத்தவர்களுக்கு, இசையமைப்பாளரும் வாத்தியக் குழுவும் எட்டாத செலவு. கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனத்தின் ஹை-கியூ போன்ற தொகுப்புகளில், எந்தப் படத்துக்கும் என்றில்லாமல் முன்பே பதிவுசெய்து வைத்த துணுக்குகள் கிடைத்தன. கட்டணம் கட்டி எடுத்து, வேண்டிய நீளத்துக்கு வெட்டி ஒட்டிக்கொண்டார்கள்.

டாம் கிரேஃப் எடுத்த 'டீனேஜர்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' (1959) அப்படி ஒரு படம். எழுத்து, இயக்கம், தயாரிப்பு, படத்தொகுப்பு எல்லாம் அவரே. வேற்றுக்கோளின் கொடிய விலங்காக வருவது ஒரு சிங்கி இறாலின் நிழல். கதிர்த்துப்பாக்கி, கடையில் விற்ற பொம்மை. இசை ஆயத்தமாகக் கிடைத்தது. அந்தத் துணுக்குகளில் சில, ஒன்பது ஆண்டு கழித்து ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' என்ற திகில் படத்திலும் ஒலிக்கின்றன. வெள்ளிக்கோளுக்கு அனுப்பிய விண்கலத்தின் கதிர்வீச்சைப் பற்றிச் செய்தியில் பேசுகிற அதே படம்தான். துணுக்குகளைக் காட்சிக்குப் பொருத்தி, மேலே மின்னணு ஒலிகளைச் சேர்த்தவர் அதில் நடித்த கார்ல் ஹார்ட்மன்.

ரொமேரோ படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். வெறிச்சோடிய நாட்டுப்புறச் சாலை. தூரத்தில் ஒரு கார் வளைந்து வளைந்து வருகிறது. பயப்பட ஒன்றுமே இல்லை, ஆனால் இசை ஏற்கெனவே பயந்துபோயிருக்கிறது. படத்துக்கென்று எழுதிய இசை, கதவு திறந்தால் திறக்கும், முகம் மாறினால் மாறும். இந்தத் துணுக்குக்கோ யார் வரப்போகிறார், எப்போது வருவார் என்று தெரியாது. அச்சம் என்ற ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு அது பாட்டுக்குப் போகிறது. அதனால் அச்சம் ஓர் ஆளிடம் போய் ஒட்டாமல் புல், வேலி, வானம் எல்லாவற்றின் மேலும் படிந்துவிடுகிறது. பழைய மலிவுப் படங்களின் தனி வாடை இதிலிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து. காசில்லாமையால் வந்தது என்றாலும் அதை நான் குறையாகப் பார்க்கவில்லை.

இனி இருப்பிசை. அக்கா சொன்ன இந்தச் சொல் கச்சிதமானது, ஒரே சொல்லாக நிற்கும். எனக்கு மிகவும் பிடித்தும் இருந்தது. ஆனால் இருப்பு என்றதும் கடைச் சரக்கை நினைப்பவர் பாதி, இருத்தலியல் தத்துவத்தை நினைப்பவர் பாதி. 'இருப்பிசையின் அச்சம்' என்று எழுதிப் பார்த்தேன், புதுக்கவிதை மாதிரி ஆகிவிட்டது.

ஆயத்த இசையில் அந்தக் குழப்பம் இல்லை. ஆயத்த ஆடை எல்லோருக்கும் தெரியும். யார் உடம்புக்கும் அளவெடுக்காமல் தைத்தது. தோள் சரியாக இருக்கும், கை அரை அங்குலம் நீளும். சாலையில் அந்தக் கார் வரும்போது கேட்கிற இசைக்கும் அப்படித்தான் கை நீளம். பொருளைச் சொல்வதோடு அந்தப் பொருத்தக் குறைவையும் இச்சொல் சேர்த்தே சொல்லிவிடுகிறது. ஆயத்த இசைத் தொகுப்பு, ஆயத்த இசைத் துணுக்கு என்று கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன.

ஒரு வேறுபாட்டை மட்டும் காக்க வேண்டும். யுனிவர்சல் போன்ற ஸ்டுடியோக்கள் தம் பழைய படங்களுக்கு எழுதிய இசையையே புதுப் படங்களில் திரும்பப் போட்டன. அது ஒருவருக்குத் தைத்த சட்டையை இன்னொருவருக்குப் போட்டுவிடுவது. அதை மறுபயன் இசை என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

கட்டுரையில் இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "இப்படத்துக்கெனத் தனியே இசையமைக்கப்படவில்லை, ஹை-கியூ தொகுப்பின் ஆயத்த இசைத் துணுக்குகளே பயன்பட்டன." மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அப்புறம் விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன்.