நம் உடைக்கும் நகைக்கும் ஆர்பிஜியில் எத்தனை ஸ்லாட் வைக்கலாம்?

தோபாயோ வில்லாளி கேட்டது:

வணக்கம். ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக இருந்து ஆடும் கேம்) செய்ய உதவும் ஆர்பிஜி மேக்கர் எம்இசட் என்ற இஞ்சினில் ஒரு சின்ன ஃபேண்டஸி கேம் செய்துகொண்டிருக்கிறேன். கதை நடப்பது சோழர் காலத்தை ஒட்டிய ஒரு கற்பனைத் துறைமுகத்தில். இஞ்சினில் முதலில் இருப்பவை ஐந்தே ஸ்லாட் (பாத்திரத்துக்குப் பொருளை மாட்டும் கட்டம்): ஆயுதம், கேடயம், தலை, உடல், அணிகலன். என் நாயகி ஆடலும் தெரிந்தவள், ஒற்று வேலையும் பார்ப்பவள். சிலம்பு, ஒட்டியாணம், வங்கி, மூக்குத்தி எல்லாம் வரைந்து வைத்துவிட்டேன். இவை அத்தனைக்கும் அணிகலன் என்ற ஒரே கட்டம்தான். சிலம்பை மாட்டினால் ஒட்டியாணம் கழன்றுவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்லாட் கொடுத்தால் மெனு நீண்டுகொண்டே போகிறது. சேலையையும் வேட்டியையும் மேல் உடல், கீழ் உடல் என்று பிரிக்கலாமா?

ஜூரோங் மந்திரவாதி:

குறைவாக வையுங்கள். எல்டன் ரிங் கேமில் கவசத்துக்கு நான்கே இடம்: தலை, மார்பு, கை, கால். டாலிஸ்மன் (மந்திரத் தாயத்து) தனியாக நான்கு வரை. நகைகளை எல்லாம் டாலிஸ்மன் மாதிரி வைத்து, எதை வேண்டுமானாலும் எந்தக் கட்டத்திலும் போடலாம் என்று விட்டுவிடுங்கள்.

பகடை அக்கா:

தம்பி, எண்ணிக்கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கட்டத்தில் ஒன்றைப் போட்டால் ஆட்டக்காரர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாத ஸ்லாட் வெறும் அலங்காரம். அதை மெனுவில் வைக்க வேண்டியதில்லை.

ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சனிக்கிழமை மாலைகளில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே பகடை ஆட்டம் நடத்துகிறேன், தாளில் பாத்திரத்தை எழுதி வைத்துக்கொண்டு ஆடும் ஆர்பிஜி. ஒரு பிள்ளையிடம் இரண்டு மந்திரக் காலணிகள் சேர்ந்துவிட்டன. ஒன்று ஓசை எழுப்பாது, மற்றது மதில் தாண்டும். கால் ஒரு ஸ்லாட்தான். கோட்டை வாசலுக்கு வந்ததும் ஒன்றை எழுதுவாள், அழிப்பாள், மற்றதை எழுதுவாள். அவள் தாளில் 'கால்' என்ற வரி இருந்த இடம் ரப்பர் தேய்த்துத் தேய்த்து ஓட்டையே விழுந்துவிட்டது. சுற்றியிருந்த எல்லாரும் அவள் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்லாட் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இந்த வகைப் பகடை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் தலை, கண், கழுத்து, தோள், இடுப்பு, கால் என்று உடம்பு முழுக்க ஸ்லாட் உண்டு. மோதிரம் இரண்டுதான் பலிக்கும், மூன்றாவது வேலை செய்யாது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்தப் பட்டியலைத் தளர்த்திவிட்டு, ஆளோடு பிணைய வேண்டிய மந்திரப் பொருள் மூன்றுக்கு மேல் கூடாது என்று வைத்தது. உங்கள் நகைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். நாயகி எத்தனை நகை வேண்டுமானாலும் அணியட்டும், மூன்று மட்டும் 'விழித்திருக்கும்'. ஒட்டியாணத்தைக் கழற்றாமலே சிலம்பை எழுப்பலாம்.

ஜூரோங் தம்பி சொல்வதுபோல் எதையும் எங்கும் போடலாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் மரபில் நகைக்கு இடம் உண்டு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி அணிந்துகொள்ளும் பகுதியைப் படித்துப் பாருங்கள். காலில் தொடங்கித் தலை வரை வரிசையாக ஏறும். காலுக்கு மட்டும் பரியகம், நூபுரம், பாடகம், சதங்கை, அரியகம் என்று ஐந்து. தொடைக்குக் குறங்குசெறி. இடையில் முப்பத்திரண்டு வடம் முத்து. இவ்வளவையும் ஸ்லாட் ஆக்கச் சொல்லவில்லை. ஆனால் மெனுப் படத்தில் அவள் காலிலிருந்து மேலே போகும் வரிசையை வைத்துக்கொண்டால் அந்தத் திரை வேறு எந்த கேமிலும் இல்லாத திரையாக இருக்கும்.

சேலையை இரண்டாக வெட்டாதீர்கள். ஒரே துணி, ஒரே ஸ்லாட். மாரோவிண்ட் கேமில் (2002) இடது தோள் கவசமும் வலது தோள் கவசமும் தனித்தனி, கவசத்துக்கு மேலே அங்கி வேறு போடலாம். அதே வரிசையில் ஸ்கைரிம் (2011) வந்தபோது மேலும் கீழும் சேர்ந்து ஒரே உடையாகிவிட்டன. உங்களுக்கு இரண்டுமே வேண்டாம். வேட்டியைத் தழையக் கட்டலாம், மடித்துக் கட்டலாம், தார்பாய்ச்சிக் கட்டலாம். துணி ஒன்று, நிலை மூன்று. தழையக் கட்டினால் அரசவையில் மதிப்பு, ஓட்டம் குறைவு. மடித்துக் கட்டினால் வேகம் கூடும், ஆனால் பெரியவர்கள் முன்னால் அப்படி நின்றால் உதவி கிடைக்காது. தார்பாய்ச்சினால் சண்டைக்குத் தயார். சேலையிலும் கச்சம் வைத்துக் கட்டுவது உண்டே. இதை யாராவது ஒரு கேமில் செய்ய மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

தெம்பனிஸ் காவலன்:

இடுப்பை மட்டும் நகைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தேசிய சேவையில் ஐஎல்பிவி (பைகள் வைத்த படைவீரர் மேலங்கி) மாட்டியவர்களுக்குத் தெரியும், அவசரத்துக்கு வேண்டியது கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் முதுகுப் பைக்குள். டயப்லோ 2 கேமில் பெல்ட்டின் வேலை அதுதான். பெல்ட் இல்லாவிட்டால் கைக்கு எட்டும்படி நான்கு மருந்துக் குப்பி, நல்ல பெல்ட் கிடைத்தால் பதினாறு. கச்சை ஒரு ஸ்லாட், அதில் சொருகியதை மட்டும் சண்டையில் உடனே எடுக்கலாம் என்று வையுங்கள்.

தோபாயோ வில்லாளி:

அக்கா, வேட்டி யோசனையை இன்றைக்கே எழுதிப் பார்க்கிறேன். கச்சையும் சேர்கிறது. மூன்று நகை விழித்திருப்பதை இஞ்சினில் எப்படிச் செய்வது?

பகடை அக்கா:

டேட்டாபேஸில் டைப்ஸ் பகுதிக்குப் போனால் புது வகைகளைச் சேர்க்கலாம், ஒரு வகைக்கு ஒரு ஸ்லாட் வந்துவிடும். ஒரே வகையில் மூன்று கட்டம் வேண்டும் என்றால் பிளகின் (இஞ்சினோடு சேர்க்கும் துணை நிரல்) தேவை. சிலம்பு கால் வகை, வங்கி கை வகை என்று முதலில் பிரித்து ஓடவிட்டுப் பாருங்கள். மூக்குத்திக்குத் தனி வகை வேண்டாம், அது முகப் படத்திலேயே இருக்கட்டும்.